லேத்தை விட்டு ஓடிய சக்

5

"குற்றவாளி இங்கதான் இருக்கான். நேத்துலேர்ந்து வாயில வெச்சதை மென்னு முழுங்காம அப்படியே உட்கார்ந்திருக்கான்" என்றார் தையல்காரர், வெட்டுமேசையைக் காட்டி.

பாதி தைத்த கோட்டின் மேல், வட்டமாக, கறுப்பாக, மூன்று பற்களால் எதையோ கவ்விக்கொண்டு ஓர் இரும்புக் குண்டு உட்கார்ந்திருந்தது. இரும்பையும் பித்தளையையும் சுழற்றிக் கடைகிற லேத் மெஷினின் சக் அது. லேத்தில் எதைக் கடைந்தாலும் அதைக் கவ்விப் பிடித்துக்கொண்டு சுழல்வது அதன் வேலை. சுழல வேண்டிய இடம் எதிர்வீட்டு ஷெட். நேற்று மதியம் அதற்கு என்ன தோன்றியதோ, ஷெட்டிலிருந்து கிளம்பி, வாசல் சரிவில் உருண்டு, தெருவைக் கடந்து, நேராகத் தையல்கடைக்குள் புகுந்துவிட்டது.

"நடுவுல ஒரு சைக்கிள் வந்துச்சு. வழிவிட்டுட்டுதான் வந்துச்சு" என்றார் தையல்காரர்.

"சைக்கிள் வழிவிட்டுச்சா?"

"இல்ல தம்பி, இது. சைக்கிள்காரர் பெல் அடிச்சார், இது வளைஞ்சுது."

"இந்தத் தெருவுலயே ஒழுங்கா வண்டி ஓட்டற ஆள் இதுதான் போல பாஸ்" என்றான் சில்லறை.

சில்லறை என்பது அவனைப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. வாயைத் திறந்தால் கலகலவென்று கொட்டிக்கொண்டே இருப்பான் என்பதால் சேர்ந்து படித்தவர்கள் வைத்தது. அவனுடைய பாஸ், துப்பறிவதையே தொழிலாகக் கொண்ட ஐம்பது வயதுப் பெண்மணி. அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, புருவம். இடது புருவம் ஏறினால் எதிரே நிற்பவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தம். இரண்டும் ஏறினால் சில்லறை ஏதோ சொல்லிவிட்டான் என்று அர்த்தம். இப்போது இரண்டும் ஏறியிருந்தன.

காலையில் புருவத்தின் அலுவலகம் திறப்பதற்கு முன்பே, லேத் இருக்கிற அந்த எதிர்வீட்டுப் பெண் வந்து படியில் உட்கார்ந்திருந்தாள். பல் டாக்டர். "என்னைக் கட்டிக்கப்போறவர் தன்னைக் கொல்லப் பார்த்தார்னு எங்க அப்பா சொல்றார்" என்றாள். அப்பா ஓய்வு பெற்ற கப்பல் என்ஜினியர். மாப்பிள்ளையாக வரப்போகிறவன் லிஃப்ட் மெக்கானிக். போன மாதம் அப்பாவின் லேத்துக்கு மோட்டார் மாற்றிக் கொடுத்தவன் அவன்தான். இன்று மாலை அவனுடைய அப்பா அம்மா கல்யாணத்துக்கு நாள் குறிக்க வருகிறார்கள். கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டு, நேராகப் போலீசுக்குப் போவதாக அப்பா நிற்கிறார்.

"மாப்பிள்ளை என்ன சொல்றார்?" என்று புருவம் கேட்டார்.

"அதான் பயமா இருக்கு. நான் செய்யலன்னுகூடச் சொல்ல மாட்டேங்கறார். என்னை நம்புன்னு மட்டும் சொல்றார்."

சொல்லிவிட்டு அழுதாள். பல் டாக்டரிடம் போய் அழுகிறவர்களைத்தான் சில்லறை பார்த்திருக்கிறான். பல் டாக்டரே அழுது பார்த்ததில்லை. அவனுக்கு மனசு என்னவோ செய்தது. இந்தக் கல்யாணம் நடந்தே ஆக வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டான்.

புருவம் சக்கின் பற்களுக்கு நடுவே எட்டிப் பார்த்தார். உள்ளே சின்னதாக, மஞ்சளாக, ஒரு பித்தளைத் துண்டு. பாதி கடைந்திருந்தது. பேரிக்காய்க்குக் கழுத்தைத் திருகிவிட்ட மாதிரி ஒரு வடிவம்.

"தூக்கிக்க" என்றார் சில்லறையிடம்.

"துண்டையா பாஸ்?"

"மொத்தமா."

அன்று முழுக்க அந்தச் சக்கைத் தோள்பையில் போட்டுக்கொண்டு அலைந்ததில் சில்லறையின் ஒரு தோள் இறங்கியே போனது.

*

கப்பல்காரர் வாசல் நிலையில் குனிந்து நுழைகிற உயரம். நெற்றியில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு புடைப்பு.

"ஐயோ, சக் அடிச்சதா சார்?" என்றான் சில்லறை.

"இது சக் இல்ல, லைட்." லேத்துக்கு மேலே நீண்ட கையோடு தொங்கிய விளக்கைக் காட்டினார். "ஸ்க்ரூ லூஸ். எத்தனை தடவை மேல தூக்கி டைட் பண்ணாலும் மறுநாள் கீழ இறங்கி நிக்குது. தினமும் முட்டிக்கறேன். பேய் லைட்!"

சில்லறை விளக்கைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. தொங்கிப் பார்த்தான். அப்போதும் அசையவில்லை. புருவம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷெட் நீளமாக இருந்தது. லேத் பின்சுவரை ஒட்டி நின்றது. வேலை செய்கிறவர் வாசலுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். பக்கச் சுவரில் சமையலறைக்குப் போகிற கதவு. அலமாரியில் இரண்டு கோப்பைகள் இருந்தன, இரண்டிலும் இரண்டாம் பரிசு என்று எழுதியிருந்தது.

"நேத்து என்ன நடந்துச்சு?" என்றார் புருவம்.

"சந்தைக்குப் போயிட்டு ஸ்கூட்டர்ல வர்றேன். தெருமுனையிலேர்ந்தே ஹாரன் அடிச்சுக்கிட்டு வர்றது என் பழக்கம். கப்பல் துறைமுகத்துக்குள்ள வர்ற மாதிரி. கேட்டைத் திறக்கறேன், உள்ளேயிருந்து இது என்னைப் பார்த்து வருது! குதிச்சேன். பூந்தொட்டி மேல விழுந்தேன். எழுந்து உள்ள ஓடினா ஒரு ஈ காக்கா இல்ல. மெஷின் பாட்டுக்குப் பிணமா நிக்குது."

"சுத்திக்கிட்டு இல்லையா? நின்னு போயிருந்துச்சா?"

"துளிகூடச் சுத்தல."

"பழைய மோட்டாரா இருந்தா?"

"பழைய மோட்டாரா? ஆஃப் பண்ணினப்புறமும் அது கிளம்பறேன் கிளம்பறேன்னு வாசல்ல நின்னு பேசற சொந்தக்காரங்க மாதிரி, ஒரு பாட்டம் சுத்தி ஓய்ஞ்சுதான் நிக்கும். நிக்கட்டுமே! நான் என்ன ரயிலா பிடிக்கணும்? இந்தப் பையன் வந்தான். மாமா, பழைய லிஃப்ட்டுலேர்ந்து கழட்டின மூணு ஃபேஸ் மோட்டார் இருக்கு, வீட்டுக் கரண்ட்லயே ஓடற மாதிரி ஒரு டிரைவ் பெட்டி வெச்சுத் தர்றேன்னான். குமிழைத் திருகினா வேகம் கூடுது, குறையுது. நிறுத்தணும்னா நான் குமிழைத்தான் குறைப்பேன், ஸ்டாப் பட்டனைத் தொட்டதே இல்ல. சத்தமே இல்ல. நல்ல பையன்னு ஏமாந்துட்டேன்."

புருவம் மண்டியிட்டு லேத்தின் பின்பக்கம் தலையை நுழைத்தார். மோட்டாருக்குப் பின்னால், சுவரை ஒட்டி, யார் கண்ணிலும் படாத இடத்தில் விரல் நீளத்துக்கு ஓர் அலுமினியக் கட்டை திருகப்பட்டிருந்தது. அதிலிருந்து இரண்டு வயர்கள் டிரைவ் பெட்டிக்குள் போயின.

"ரெசிஸ்டர்" என்றார். காலையில் மோட்டார் கடைக்காரரைப் பிடித்து வைத்துக் கறந்த அறிவு. "இதான் சார் பிரேக். ஸ்டாப்பை அமுக்கினா மோட்டார்ல மிச்சமிருக்கற வேகத்தை எல்லாம் இது வாங்கிச் சூடாக்கித் தின்னுடும். மெஷின் டக்குனு நிக்கும்."

கப்பல்காரரின் முகம் சிவந்தது. "டக்குனு நிக்குமா? அடப்பாவி! என் சக் திருகி மாட்டறது, பாட்டில் மூடி மாதிரி! உள்ள இருக்கற தண்டு டக்குனு நின்னா, வேகத்துல இருக்கற சக் நிக்குமா? அது திருகிக் கழண்டுக்கிட்டு ஓடத்தான் செய்யும்! பார்த்தீங்களா? திட்டம் போட்டிருக்கான்!"

"பிரேக் இருந்தா மட்டும் போதாதே சார். ஓடற மெஷின்ல யாராவது ஸ்டாப்பை அமுக்கணும்."

"ஆள்தான் இல்லையே! கேட்ல ஏதோ கனெக்ஷன் குடுத்து வெச்சிருக்கான். நான் திறந்ததும் வேலை செய்யற மாதிரி!"

சில்லறை ஓடிப்போய்க் கேட்டைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தான். கை நிறையத் துருதான் வந்தது.

அந்த நேரத்தில் கப்பல்காரரின் மனைவி காப்பி கொண்டுவந்தார். புருஷனின் சட்டைப்பை உயரத்தில், பரபரவென்று நடக்கிற அம்மா. "நேத்து அந்த நேரத்துல நீங்க எங்கம்மா இருந்தீங்க?" என்று புருவம் கேட்டார்.

"நானா? அடுப்படியில. பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தேன்."

புருவத்தின் இடது புருவம் ஏறியது. சில்லறை அதைப் பார்த்தான். உடனே தன் காப்பியை ஒரு வாய் குடித்தான். சர்க்கரைக்குப் பதில் உப்பு. ஓ, இதற்குத்தான் ஏறியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மீதியைப் பூந்தொட்டிக்குக் கொடுத்தான். அந்தச் செடிக்கு இரண்டு நாளாகவே நேரம் சரியில்லை.

"அந்தக் கோப்பையெல்லாம் எதுக்குச் சார்?"

அவ்வளவுதான், கப்பல்காரர் கொலை முயற்சியையே மறந்துவிட்டார். வீட்டில் லேத் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டாம். வருடா வருடம் பம்பரப் போட்டி. தன் கையால் கடைந்த பம்பரம் யாருடையது அதிக நேரம் சுற்றுகிறதோ அவருக்கு முதல் பரிசு. "ரெண்டு வருஷமா ஒருத்தன் என்னை அடிக்கறான்! யாருன்னே தெரியாது. பேரு கிடையாது, முகம் கிடையாது. பார்சல்ல பம்பரம் வருது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு, பரிசும் பார்சல்ல போகுது. பார்சல்காரன்! அவன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

"காப்பி ஆறிடப்போகுது" என்று சொல்லிவிட்டு அவர் மனைவி தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

*

லிஃப்ட் மெக்கானிக்கைப் பார்க்க ஏழு மாடி படியேற வேண்டியிருந்தது. லிஃப்ட் ரிப்பேர். அதைத்தான் அவன் சரிசெய்துகொண்டிருந்தான்.

"பாஸ்" என்றான் சில்லறை, மூச்சு வாங்க, சக்கைத் தரையில் இறக்கிவிட்டு, "அடுத்த கேஸ்ல திருடு போறது ஒரு மோதிரமா இருக்கட்டும்."

பையன் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றான். கண்ணில் தூக்கமில்லை. அவன் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "மேடம், ஷெட்டுக்குள்ள யாருக்கும் அடிபடலையே?"

"இல்ல. ஒண்ணு சொல்லுங்க தம்பி. லேத்தை நிறுத்த எத்தனை வழி இருக்கு?"

தொழில் பேச்சு வந்ததும் அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. "சும்மா விட்டா தானா நிக்கும். அது ஒண்ணு. கால்ல மிதிக்கற பிரேக் வைக்கலாம், பட்டை வந்து இறுக்கும். கரண்ட் போனாலும் பிடிக்கும். நம்ம கால் எவ்வளவு அமுக்குதோ அவ்வளவுதான் பிடிக்கும். இல்லைன்னா டிரைவ் மூலமா, ரெசிஸ்டர் வெச்சு."

"வைக்கறதுக்குச் சுலபம் எது?"

"மிதி பிரேக்."

"உங்களுக்குப் பிடிச்சது?"

"மிதி பிரேக்தான்."

"அப்ப ஏன் ரெசிஸ்டரை வெச்சீங்க? அதுவும் மோட்டாருக்குப் பின்னாடி?"

பையன் ஒரு ஸ்பேனரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

"மிதி வெச்சா வீட்டுக்காரர் கண்ணுல படும். அதானே?"

"மேடம், சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். வாக்குன்னா வாக்குதான்." பிறகு தயங்கி, "ஆனா சக் எப்படிக் கழண்டுச்சு? அதுதான் எனக்குப் புரியல" என்றான்.

புருவம் பாட்டில் மூடிக் கதையைச் சொன்னார். பையன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். "திருகி மாட்டறதா? லிஃப்ட்ல எதுவுமே அப்படி இருக்காது மேடம். எல்லாத்துக்கும் போல்ட், கட்டை, பூட்டு இருக்கும். எங்களுக்கு டக்குனு நிறுத்தறதுதான் வேலையே. எவ்வளவு சீக்கிரம் நிக்குதோ அவ்வளவு நல்லதுன்னு நினைச்சேன். ஐயோ, யார் காலாவது போயிருந்தா?"

இறங்கும்போது நான்காவது மாடியில் சில்லறைக்கு ஞானோதயம் ஆனது. பையைக் கீழே போட்டான். "பாஸ்! இவன்தான் பார்சல்காரன்!"

"எப்படி?"

"மெஷின் டக்குனு நிக்கணும்னு யாருக்கு அவசரம்? கப்பல்காரருக்கு இல்ல, அவர் எந்த ரயிலையும் பிடிக்க வேண்டாம். ஹாரன் சத்தம் கேட்டதும் மெஷினை ஊமையாக்கிட்டு ஓடணும்னு நினைக்கறவனுக்குத்தான் அவசரம்! அதாவது திருட்டுத்தனமா லேத்தை ஓட்டறவன். மாமனார் மெஷின்லயே பம்பரம் கடைஞ்சு மாமனாரையே ஜெயிக்கறான். பாஸ், என்னைப் பாராட்டலாம்."

"பாதி பாராட்டு" என்றார் புருவம். "ஷெட்டுக்குள்ள யாருக்காவது அடிபட்டுச்சான்னு ஏன் கேட்டான்? மாமனார் கேட்லதான் இருந்தார்னு அவனுக்குத் தெரியுமே."

சில்லறை அந்தக் கேள்வியைக் காதில் வாங்கவில்லை. பாராட்டில் பாதி வந்த மகிழ்ச்சியில் மூன்று படிகளை ஒரே தாண்டாகத் தாண்டினான். சக் அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது.

*

மாலையில் கூடத்து மேசையில் சக் வீற்றிருந்தது. கப்பல்காரர் சாவியைப் போட்டுப் பற்களைத் திறந்தார். பித்தளைத் துண்டு உருண்டு அவர் உள்ளங்கையில் விழுந்தது. விரல்களுக்கு நடுவே வைத்துத் திருப்பினார். கண்கள் பெரிதாயின.

"இந்த வளைவு... இந்தத் தோள்பட்டை... இது பார்சல்காரன் பம்பரம்! என் வீட்டுக்குள்ள! என் சக்குக்குள்ள!"

"அதேதான் சார்!" சில்லறை நாற்காலி மேல் ஏறாத குறை. "பார்சல்காரன் வேற யாரும் இல்ல, உங்க மாப்பிள்ளைதான்!"

சொல்லி முடித்தபோதுதான் வாசலைப் பார்த்தான். பையன் புதுச்சட்டையில் நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் அவன் அப்பா, கையில் பழக்கூடையோடு அம்மா. மூன்று பேரும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தார்கள்.

"நீயா?" என்றாள் பல் டாக்டர். "இல்லன்னா இல்லன்னு சொல்லேன். ஒரே ஒரு வார்த்தை."

பையன் தரையைப் பார்த்தான்.

"வெளியே போடா!" என்றார் கப்பல்காரர்.

பையனின் அம்மா கூடையை வாசற்படியிலேயே வைத்துவிட்டு மகன் கையைப் பிடித்தார். "வா, நாம போகலாம். கொலைகாரப் பட்டமும் திருட்டுப் பட்டமும் வாங்கிக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?"

சில்லறை நாக்கைக் கடித்துக்கொண்டான். நடக்க வேண்டிய கல்யாணத்தைத் தன் வாயாலேயே நிறுத்திவிட்டான். பாஸைத் திரும்பிப் பார்த்தான். அவர் எதுவுமே செய்யாமல் சமையலறை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நில்லுங்க சம்பந்தி."

கப்பல்காரரின் மனைவி வெளியே வந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், கை ஈரமாகவே இல்லை.

"தம்பி எதுவும் செய்யல. பிரேக் வெக்கச் சொன்னது நான். நேத்து மெஷின் முன்னாடி நின்னது நான். பார்சல்காரனும் நான்தான்."

கப்பல்காரர் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்தினார். "நீயா? உனக்கு லேத்தை ஆன் பண்ணத் தெரியுமா?"

"சார், உங்க லைட் பேய் லைட் இல்ல" என்றார் புருவம் மெதுவாக. "ஸ்க்ரூ நல்லா டைட்டாதான் இருக்கு, இவன் தொங்கிப் பார்த்தான். தினமும் யாரோ அதைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கறாங்க. இந்தத் தம்பி உங்க உயரம். அவருக்கு எதுக்கு இறக்கணும்? இந்த வீட்ல அந்த உயரத்துக்கு ஒரே ஆள்தான். ஹாரன் சத்தம் கேட்டு, மெஷின் முழு வேகத்துல ஓடறப்பவே ஸ்டாப்பை அமுக்கினாங்க, சக் காலடியில விழுந்து ஓடுச்சு, அடுப்படிக் கதவு வழியா இவங்க ஓடினாங்க."

"தெரிஞ்சுதானா பாஸ் சும்மா நின்னீங்க?" என்று சில்லறை கிசுகிசுத்தான்.

"அதை அவங்கதான் சொல்லணும். நான் சொல்லியிருந்தா அது வெறும் கேஸ்."

அந்த அம்மா புருஷனைப் பார்த்தார். "கல்யாணமான புதுசுல கேட்டேன், எனக்கும் கத்துக்குடுங்கன்னு. பொம்பளை தொட்டா கை போயிடும்னீங்க. நீங்க கப்பலேறினதும் தொட்டேன். கை இருக்கு."

"அப்பலேர்ந்தா?"

"நீங்க கடல்ல இருந்த வருஷமெல்லாம். நீங்க ரிடையர் ஆனதுதான் எனக்குக் கஷ்டமாப் போச்சு. நீங்க சந்தைக்குப் போற நேரம்தான் மிச்சம். மோட்டார் அளவெடுக்க வந்தப்போ தம்பி என்னைக் கையும் களவுமாப் பிடிச்சுட்டார். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு வாக்கு வாங்கினேன். நேத்தே நான் சொல்லியிருக்கணும். சொன்னா மெஷினைப் பூட்டிடுவீங்களோன்னு பயந்துட்டேன். பெத்த பொண்ணோட வாழ்க்கையைவிட மெஷின் பெருசாப் போச்சான்னு என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன். தம்பி, மன்னிச்சுடுங்க. உங்க பேரைக் கெடுத்துட்டேன்."

"அத்தை, நீங்க போய்..." என்று பையன் தடுமாறினான். பல் டாக்டர் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். விடுகிற மாதிரி தெரியவில்லை.

எல்லோரும் கப்பல்காரரைப் பார்த்தார்கள். இடி விழப்போகிறது என்று சில்லறை தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டான். அவரோ உள்ளங்கையில் இருந்த பித்தளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருஷமா சாப்பாட்டுத் தட்டு முன்னாடி உட்கார்ந்து உன்னைத் திட்டியிருக்கேன்."

"ஆமா. நாசமாப் போவான்னுகூட ஒரு நாள் சொன்னீங்க. அன்னிக்கு மட்டும் உங்களுக்கு ரெண்டாவது தடவை சோறு வைக்கல."

"முனையை எப்படி விடறே? என்னோடது ஊசி மாதிரி இருக்கு. ஆனாலும் சீக்கிரம் சாயுது."

"ஊசியா விடக் கூடாது. குண்டூசித் தலை மாதிரி உருட்டி விடணும். பாரமெல்லாம் ஓரத்துக்குப் போகணும்."

"ஓரத்துக்கு..." என்று முணுமுணுத்தார். பிறகு தலையை நிமிர்த்தி, பையனைப் பார்த்து ஒரு கத்து கத்தினார். "டேய்! பிரேக் வெக்கறதுக்கு முன்னாடி சக் எப்படி மாட்டியிருக்குன்னு பார்த்தியாடா? அவ்வளவு பாரம், அவ்வளவு வேகம்! என் பொண்டாட்டி கால் மேல விழுந்திருந்தா?"

"தப்புதான் மாமா. தெரியல. நாளைக்கே ரெசிஸ்டரைக் கழட்டிட்டு மிதி பிரேக் வெச்சுடறேன். அமுக்கினா மெல்லப் பிடிக்கும்."

"ஒண்ணும் வேண்டாம். கழட்டு, அது போதும். மெஷின் பாட்டுக்கு மெதுவா நிக்கட்டும். இனிமே அவ யாருக்குப் பயந்து அவசரமா நிறுத்தணும்?"

அந்த அம்மா முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சில்லறைக்குத் தெரியவில்லை. அவனுக்கே கண் கரித்தது. தூசி விழுந்துவிட்டதாக யாரும் கேட்காமலேயே விளக்கம் சொன்னான்.

கப்பல்காரர் வாசலுக்குப் போனார். படியில் இருந்த பழக்கூடையைத் தானே எடுத்துக்கொண்டு, சம்பந்திகள் இருவரையும் உள்ளே அழைத்து உட்காரவைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு மனைவியைக் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"நாள் குறிக்கறதுக்கு முன்னாடி ஒரு அறிமுகம் சம்பந்தி. இவங்கதான் பார்சல்காரங்க. ரெண்டு வருஷமா முதல் பரிசு. என்னைத் தோக்கடிச்சது இவங்கதான், வேற யாரும் இல்ல."

முதல் பரிசைத் தாமே வாங்கிவிட்டு வந்தவர் மாதிரி அவர் நெஞ்சு நிமிர்ந்திருந்தது.